காலித் தோட்டாவை யார் நிரப்பலாம்?

என்னோடு ஒரே ப்ராஜெக்டில் வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் ஒருவர் இருக்கிறார். வார இறுதியில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். போன மாசம் மீட்டிங் முடிந்து மற்றவர்கள் கிளம்பினதும், "நீதான் எதையும் அட்டவணை போட்டு ஒப்பிடுறவனாச்சே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று இரண்டு மெஷின்களின் விவரத்தை அனுப்பினார். வீட்டிலேயே காலித் தோட்டாக்களைத் திரும்ப நிரப்பும் மெஷின். அதற்கு 'ப்ரோக்ரெஸிவ் பிரஸ்' என்று பெயர்.

நான் கதிர்காமத்துக்காரன். வீட்டில் தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேற எதுவும் இருந்ததில்லை. நிஜத் துப்பாக்கியைத் தொட்டது பி.இ. படிக்கும்போது என்.சி.சி. முகாமில்தான். பாயிண்ட் டூ டூ ரைஃபிள், ஆளுக்கு அஞ்சு தோட்டா. சுட்டு முடித்ததும் ஹவில்தார் எங்களை மண்டி போட வைத்து, புல்லுக்குள் விழுந்த காலிக் கூடுகளைப் பொறுக்கச் சொன்னார். கணக்கு சரியாக வரும்வரை யாரும் நகரக் கூடாது. குண்டு போயாச்சு, மருந்தும் எரிஞ்சாச்சு, இந்த வெறும் பித்தளைத் துண்டுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று அன்றைக்குப் புரியவில்லை. நண்பரின் கேள்விக்குப் பதில் தேடப் போன இடத்தில் இதற்கும் பதில் கிடைத்தது.

முதலில் மெஷின்

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி தெறிக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபிறகு மிஞ்சுவது கூடு மட்டும்தான். விலையில் பெரும்பங்கும் அதுதான். பழைய பிரைமரை எடுத்துவிட்டு, வெடிப்பில் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, புது பிரைமர், மருந்து, குண்டு என்று வரிசையாக வைத்தால் அதே கூடு மறுபடியும் தோட்டா ஆகிவிடும்.

சாதாரண பிரஸ்ஸில் ஒரே நிலை. நூறு கூடு இருந்தால் நூறுக்கும் முதல் வேலை, அப்புறம் நூறுக்கும் இரண்டாவது வேலை. மணிக்கு ஐம்பதிலிருந்து நூறு வந்தால் பெரிய விஷயம். ப்ரோக்ரெஸிவில் ஒரு வட்டத் தட்டில் பல கூடுகள் உட்கார்ந்திருக்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு வேலை ஒரே நேரத்தில் நடக்கும். தட்டு ஒரு படி சுழலும். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா, மணிக்கு ஐநூறுக்கு மேல்.

நம்ம துறைக்காரர்களுக்கு இது உடனே புரியும். ப்ராசஸர் பைப்லைன்தான். முதல் தோட்டா வெளியே வர நாலைந்து இழுப்பு ஆகும், அதற்குப்பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்று. பைப்லைனுக்கு உள்ள வியாதியும் இதற்கு உண்டு. எங்கேயோ சிக்கிக்கொண்டு நடுவில் நிறுத்தினால், எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்பது மறந்துபோகும். மருந்தில்லாத தோட்டாவின் குண்டு பிரைமரின் சக்தியில் மட்டும் நகர்ந்து குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் கிழியும். இரண்டு மடங்கு மருந்து விழுந்தது இன்னும் மோசம். அதனால் தேர்வு என்பது வேகத்தைப் பற்றியது மட்டும் இல்லை. தட்டு தானாகச் சுழலணுமா, கையால் சுழற்றணுமா? மருந்தின் அளவைச் சரிபார்க்கத் தனி நிலை இருக்கா? எத்தனை அளவுத் தோட்டாக்களுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் போகிறோம்? லீ கம்பெனியின் ப்ரோ 1000-இல் மூன்று நிலைகள். டில்லனின் 550-இல் நான்கு, கையால் சுழற்றுவது. ஹார்னடியின் லாக் அன் லோட் மாடலில் ஐந்து, தானாகச் சுழல்வது. நண்பர் மாசம் இருநூறு, முந்நூறு சுடுகிறவர். "கையால் சுழற்றுறதே உனக்குப் போதும், நிறுத்தி நிதானமா பார்த்துக்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். அவர் வாங்கியும் விட்டார். பார்சல் வீட்டு வாசலுக்கே வந்ததாம்.

வாசலுக்கே வந்தது என்பதுதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. இதே பார்சல் கதிர்காமத்துக்கு வந்தால் என்ன ஆகும்? தேடிப் போனால் கதை 1878-இல் போய் நிற்கிறது. அதற்கும் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்கலாம்.

ஒவ்வொரு சூடும் வீட்டுத் தயாரிப்பாக இருந்த காலம்

வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்குத் 'திரும்ப நிரப்புவது' என்று தனியாக ஒரு வேலை இல்லை. ஒவ்வொரு முறையும் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடிக்க வேண்டும். கருமருந்துக்கு வேண்டியது வெடியுப்பு, கந்தகம், கரி. குண்டுக்கு ஈயம். எல்லாம் சந்தையில் கிடைக்கும் சரக்கு. பாளையக்காரர் படைகளுக்கு மருந்து வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய அவசியம் இல்லாமல் போனது இதனால்தான். 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி அறிக்கை விட்டபோது குறி வைத்தது துப்பாக்கி, ஈட்டி போன்ற கருவிகளை. மருந்தை எப்படித் தடுப்பது? உப்பும் கரியும் எல்லா ஊரிலும் இருக்கிறதே. நம்ம பக்கம் நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி சமீபகாலம் வரை இந்தப் பழைய முறையில்தான் இருந்தது.

1857-இல் கலவரத்துக்குச் சாக்காக இருந்த என்ஃபீல்டு தோட்டாகூட காகிதப் பொட்டலம்தான். கொழுப்புத் தடவிய காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கணும். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். பத்தே வருஷத்தில் காகிதம் போய் பித்தளை வந்தது. 1866 வாக்கில் இரண்டு பேர் இரண்டு விதமான பிரைமர் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் இங்கிலாந்தின் வுல்லிச் ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்வர்ட் பாக்ஸர், இன்னொருவர் அமெரிக்கர் ஹைரம் பெர்டான். பாக்ஸர் முறையில் கூட்டின் நடுவில் ஒரே ஒரு ஓட்டை. உள்ளேயிருந்து ஒரு ஊசியை விட்டால் பழைய பிரைமர் வெளியே வந்து விழும். பெர்டான் முறையில் ஓரமாக இரண்டு சின்ன ஓட்டைகள், ஊசி நுழையாது. வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கா பிடித்துக்கொண்டது, அமெரிக்கரின் முறையை ஐரோப்பிய ராணுவங்கள் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தோட்டா நிரப்ப முடிவதற்கு அந்த நடு ஓட்டை ஒரு முக்கியக் காரணம். என்.சி.சி.யில் நாங்கள் சுட்ட பாயிண்ட் டூ டூ இரண்டிலும் சேராது. பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும், சாதாரணமாக அதைத் திரும்ப நிரப்ப முடியாது. ஹவில்தார் அதையும் எண்ணினார் என்பதைக் கவனியுங்கள்.

பித்தளைத் தோட்டாவோடு ஒரு பெரிய மாற்றம் வந்தது. தோட்டா தயாரிப்பு வீட்டுத் திண்ணையிலிருந்து ஆலைக்குப் போனது. புனே பக்கத்தில் கிர்க்கீயில் (இன்றைய கட்கி) ஆங்கிலேயர் தோட்டா ஆலையை 1869-இல் தொடங்கினார்கள். ஆலை யார் கையிலோ, சூடும் அவர் கையில்.

ஒரே காலம், இரண்டு பாதை

1870, 80-களில் அமெரிக்க ராணுவமே தன் படைப்பிரிவுகளுக்குத் திரும்ப நிரப்பும் கருவிகளைக் கொடுத்தது. பயிற்சிக்குச் சுட்ட கூட்டை வீணாக்காதே, நீயே நிரப்பிக்கோ என்று. 1884-இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட்டில் 'ஐடியல்' என்ற கம்பெனியைத் தொடங்கி, கொறடு மாதிரியான கைக்கருவிகளை வேட்டைக்காரர்களுக்கு விற்றார். அதே வரிசையில் 1943-இல் ஆர்.சி.பி.எஸ்., 1949-இல் ஹார்னடி, 1958-இல் ரிச்சர்ட் லீயின் மலிவான கைக்கருவி. 1970-களில் வேகமாகச் சுடும் போட்டிகள் பிரபலமாகி, போட்டிக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கில் தோட்டா தேவைப்பட்டபோது, விமான ஓட்டியாக இருந்த மைக் டில்லன் ப்ரோக்ரெஸிவ் மெஷின்களை வீட்டு விலைக்குக் கொண்டுவந்தார். நண்பரின் பார்சலுக்குப் பின்னால் இவ்வளவு நீளமான சரித்திரம்.

இந்தியாவில் ஐடியல் கம்பெனிக்கு ஆறு வருஷம் முன்னாடியே, வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878-ஆம் ஆண்டின் பதினொன்றாவது சட்டமாக ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்பது எல்லாரும் அறிந்த பகுதி. நான் நின்றது ஆரம்பத்தில் வரும் விளக்கப் பிரிவில். 'தோட்டா, வெடிமருந்து' என்ற சொல்லுக்குள் எதெல்லாம் அடங்கும் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். கேப், திரி, துப்பாக்கிக் கல், அடைப்புத் துணி, தோட்டாவின் எல்லாப் பாகங்களும். கடைசியில், தோட்டா செய்யும் எல்லா இயந்திரங்களும். அதாவது சட்டத்தின் கண்ணில் மெஷினே தோட்டா. உடனே ஒரு விலக்கும் வருகிறது: ஈயம், கந்தகம், வெடியுப்பு இதில் சேராது. அவை சந்தைச் சரக்கு என்பதால் பொதுவாக விட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் அறிக்கை போட்டுக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதை எழுதினவர் விவரமானவர். மூலப்பொருளைத் தடுக்க முடியாது, ஆனால் பித்தளைத் தோட்டாவின் காலத்தில் மூலப்பொருள் மட்டும் போதாது, கூடும் பிரைமரும் மெஷினும் வேண்டும், பூட்டை அங்கே போட்டால் போதும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். மீறினால் மூன்று வருஷம் வரை சிறை. ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. துரைமார்கள் ஷெஃபீல்டில் செய்த நிரப்பும் கருவிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போகலாம். இனம் பார்த்துக் கொடுத்த அந்த விலக்கு முதல் உலகப்போருக்குப் பிறகுதான் எடுக்கப்பட்டது.

அந்தப் பயம் துரைமார்களின் துப்பாக்கியையும் ஒருமுறை மாற்றியது. ராணுவத்திலிருந்து திருடுபோன மார்ட்டினி ஹென்றி ரைஃபிள்கள் பல இடங்களில் உலவிக்கொண்டிருந்தன. வேட்டைக்கு வரும் .450 அளவுத் தோட்டாவின் குண்டுகளைப் பிரித்து எடுத்து மார்ட்டினிக்கு நிரப்பிவிடுவார்கள் என்று சொல்லி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். அதனால் லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புது அளவுகளைச் செய்ய வேண்டியதாயிற்று. யானை வேட்டைக் கதைகளில் வரும் .470-இன் ஜாதகத்தில் இந்தியாவில் எவனாவது காலிக் கூட்டை நிரப்பிவிடுவானோ என்ற சந்தேகம் இருக்கிறது!

எல்லைக்கு இந்தப் பக்கம்

எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம் போனால் கோரிமேடு. அன்றைக்கு அதுதான் பிரெஞ்சு எல்லை. 1878 சட்டம் அங்கே வந்து நின்றுவிடும். பாரதி 1908-இல் இந்தப் பக்கம் வந்தார், அரவிந்தர் 1910 ஏப்ரலில், வ.வே.சு. ஐயர் அதே வருஷம் அக்டோபரில். ஐயர் லண்டனில் இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு இருந்தவர். துப்பாக்கிப் பயிற்சி உள்ளவர்.

வாஞ்சிநாதன் புதுச்சேரிக்கு வந்து ஐயரிடம் சுடக் கற்றுக்கொண்டதாகவும், அது கருவடிக்குப்பம் தோப்புப் பக்கம் நடந்ததாகவும் இங்கே பரவலாகச் சொல்வார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டது பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கியால். இதற்கு இரண்டு வருஷம் முன்னால் சாவர்க்கர் லண்டனிலிருந்து இருபது பிரௌனிங்குகளைத் தோட்டாக்களோடு, சதுர்புஜ் அமீன் என்பவரின் பெட்டியில் போலி அடித்தட்டு வைத்து இந்தியாவுக்கு அனுப்பினார். ரௌலட் அறிக்கை அதை விவரமாகவே சொல்கிறது. அவற்றில் ஒன்றால்தான் 1909 டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார்.

துப்பாக்கியோடு தோட்டாவும் கப்பல் ஏறி வந்தது என்பதுதான் இதில் முக்கியம். பிரௌனிங் மாதிரியான துப்பாக்கிக்கு உள்ளூர்க் கருமருந்து உதவாது. புகையில்லா மருந்து வேண்டும், மில்லிமீட்டர் சுத்தமான பித்தளைக் கூடு வேண்டும். புதுச்சேரியில் சட்டம் தடுக்காவிட்டாலும் தொழில்நுட்பம் தடுத்தது. தோப்பில் பயிற்சிக்குச் சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் கையிருப்பில் ஒன்று குறைவு. நூறு வருஷம் முன்னால் பாளையக்காரருக்கு இல்லாத கவலை இது.

வங்காளத்துக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ராடா கம்பெனியின் சரக்கிலிருந்து ஐம்பது மௌசர் துப்பாக்கிகள் போயின, கூடவே 46,000 தோட்டாக்கள். ஒரு துப்பாக்கிக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல்! அந்தத் தோட்டாக்கள்தான் அடுத்த பல வருஷம் அங்கே வேலை செய்தன. நேர்மாறான கதை 1930 ஏப்ரல் 18, சிட்டகாங். சூரியா சென் குழு ஆயுதக் கிடங்கையே பிடித்துவிட்டது. ரைஃபிள்கள் கிடைத்தன, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள் கிடைத்தன. அவற்றுக்கான தோட்டா வேறு இடத்தில் இருந்தது, கைக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவு துணிச்சலும் அந்த ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. 1878-இல் அந்த விளக்கப் பிரிவை எழுதினவரின் கணக்கு தப்பவில்லை.

இன்றைக்கு

புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பின்னாலேயே இந்தியச் சட்டங்களும் வந்தன. அதற்குள் 1878 சட்டத்தின் இடத்தில் 1959 ஆயுதச் சட்டம் வந்துவிட்டது. சுதந்திர நாட்டின் சட்டம், இனப் பாகுபாடு இல்லை. ஆனால் விளக்கப் பிரிவைத் திறந்தால் பழைய நண்பர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் பிரிவில், தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரங்களும் தோட்டாவே. உரிமம் இல்லாமல் தயாரிக்கக் கூடாது என்பது ஐந்தாம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். ஆங்கிலேயன் மூன்று வருஷம் என்றான், நாம் ஆயுள் என்கிறோம். துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்கும் ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

ஆகவே நண்பருக்கு நான் போட்டுக்கொடுத்த அட்டவணையில் நிலைகள் எத்தனை, விலை எவ்வளவு என்ற வரிகளுக்கெல்லாம் இங்கே வேலையே இல்லை. முதல் வரியிலேயே முடிந்துபோகும் தேர்வு இது.

இது நல்லதா கெட்டதா? நானும் யோசித்துப் பார்த்தேன். போட்டிக்குத் தயாராகும் நம்ம பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விலையையும் அனுமதியையும் எண்ணிக்கொண்டு பயிற்சி எடுக்கிறார்கள் என்பது உண்மை. குடிமக்களை நம்பாத ஒரு அரசு போட்ட பூட்டு என்பதும் உண்மை. அதே சமயம் வட இந்தியாவில் பிடிபடும் கட்டாத் துப்பாக்கிகளைப் பாருங்கள். பட்டறையில் ஸ்டீரிங் குழாயிலும் செய்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் .315, பன்னிரண்டு போர் என்று கடையில் கிடைக்கும் ஆலைத் தோட்டாவின் அளவுக்குத்தான் செய்கிறார்கள். துப்பாக்கியைப் பட்டறையில் செய்ய முடிகிறது, தோட்டாவை அவ்வளவு சுலபமாகச் செய்ய முடிவதில்லை. அந்தப் பூட்டு இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதைத் திறந்துவிடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் யாருக்குப் பயந்து, யாருக்கு விலக்குக் கொடுத்துப் போட்ட பூட்டு என்பதைத் தெரிந்துகொண்டு வைத்திருப்பது நல்லது. அறுபது வருஷம் முன்னால் அந்த வரியை எடுத்து எழுதினவர்கள் அதைப் பற்றி ஒரு நிமிஷமாவது பேசியிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

அன்றைக்கு முகாமில் எங்கள் வரிசையில் ஒரு கூடு குறைந்தது. இருபது நிமிஷம் தேடினோம். கடைசியில் ஒரு பையனின் பூட்ஸ் பள்ளத்தில் மாட்டியிருந்தது. ஹவில்தார் அதை ஊதித் துடைத்து டப்பாவில் போட்டு, நோட்டில் எண்ணிக்கையை எழுதினபிறகுதான் எங்களைச் சாப்பிட அனுப்பினார். திரும்ப நிரப்பவே முடியாத கூடு. ஆனாலும் கணக்கு, கணக்குதான். அந்தக் கணக்கு 1878-இல் தொடங்கினது என்று அவருக்கும் தெரிந்திருக்காது, எங்களுக்கும் தெரியாது.